வாசகர் கேள்வி–பதில்: உலாவியில் திறக்கும் மின்படிவங்கள்

நீலகிரியிலிருந்தும் பழனி மலைப் பகுதியிலிருந்தும் வந்த கடிதங்களில், இணைய உலாவியில் இயங்கும் மின்படிவங்களை வடிவமைப்பது பற்றியவை இம்முறை ஒன்றோடொன்று தொடர்புடையனவாக அமைந்ததால், இந்தப் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் சிறு தேயிலை விவசாயிகள் சங்கத்தில் உறுப்பினர் சேர்க்கைக்கு இரண்டு பக்கக் காகிதப் படிவம் பல ஆண்டுகளாக இருக்கிறது. அதை அப்படியே உலாவியில் திறக்கும் படிவமாக ஒரு தம்பி செய்து கொடுத்தார். கைபேசியில் நிரப்பத் தொடங்குகிறவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். வந்து சேரும் படிவங்களிலும் பல கட்டங்களில் வெறும் புள்ளியும் கோடும்தான் இருக்கின்றன. என்ன மாற்ற வேண்டும்? – கோத்தகிரி வாசகி

பதில்: அந்தப் புள்ளியும் கோடும் நிரப்பியவரின் அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டாயம் என்று நட்சத்திரக் குறி இட்ட கட்டத்துக்கு அவரிடம் விடை இல்லை. விடை எழுதாமல் உலாவி அவரை மேலே போகவிடுவதும் இல்லை. எதையாவது இட்டுத் தாண்டுகிறார். ஆகவே முதல் வேலையாக, இதுவரை வந்த படிவங்களை எடுத்து, எந்தெந்தக் கட்டத்தில் புள்ளி மிகுதி என்று எண்ணிப் பாருங்கள். வார்ப்புருவில், அதாவது படிவத்தின் மாதிரியில், திருத்த வேண்டிய இடங்கள் அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

பெயர்க் கட்டம் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும். முதற்பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர் என்று மூன்றாகப் பிரிப்பது வெளிநாட்டு மாதிரிகளிலிருந்து எடுத்து ஒட்டப்படுவது. தலைக்கெழுத்தும் பெயருமாக வழங்கும் நம்மிடம் கடைசிப் பெயர் கட்டாயம் என்று கேட்டால், ஒருவர் தந்தையின் பெயரை எழுதுவார், ஒருவர் தலைக்கெழுத்தை எழுதுவார், ஒருவர் புள்ளி வைப்பார். மூன்றும் ஒரே நெடுவரிசையில் வந்து விழும். ஒரே கட்டம் போதும். அதன் மேல் 'பெயர், தலைக்கெழுத்துடன், வங்கிப் புத்தகத்தில் உள்ளபடி' என்று எழுதிவிட்டால் பணம் அனுப்பும்போது வரும் குழப்பமும் தீரும்.

முகவரியும் அப்படியே. கதவு எண், தெரு, பகுதி என்னும் வரிசை சமவெளி நகரத்துக்கு ஏற்றது. படுகர் ஊரான ஹட்டியில் இருப்பவருக்கும், தோடர் குடியிருப்பான மந்தில் இருப்பவருக்கும், எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவருக்கும் தெருப் பெயர் என்று ஒன்று இல்லாமலே தபால் வந்து சேர்கிறது. எனவே ஊரைத் தெரிவு செய்ய ஒரு பட்டியல், அந்தப் பட்டியலில் இல்லாத ஊரை எழுத ஓர் இடம், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு, அதற்கு மேல் அவரவர் விருப்பப்படி எழுத மூன்று நான்கு வரி கொள்ளும் பெரிய கட்டம் ஆகியவை இருந்தால் போதும். தெரு என்ற கட்டம் இருந்துதான் ஆக வேண்டும் என்றால், கட்டாயத்தையாவது எடுத்துவிடுங்கள்.

உங்கள் படிவத்தில் நான் அதிகம் கவலைப்படுவது பட்டா எண்ணைப் பற்றித்தான். தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டா, அண்ணன் தம்பிகளின் கூட்டுப் பட்டா, பட்டாவே இல்லாத நிலம் என்று நிலைமை பலவகைப்பட்டிருக்க, 'பட்டா எண்' என்று ஒற்றைக் கட்டத்தைக் கட்டாயமாக்கினால், நேர்மையாக நிரப்ப நினைப்பவரே முதலில் வெளியேறுவார். அதற்கு முன்னால் ஒரு கேள்வி வையுங்கள்: என் பெயரில் உள்ளது, கூட்டுப் பட்டா, குடும்பத்தில் மற்றொருவர் பெயரில் உள்ளது, பட்டா இல்லை. இதற்குச் சொல்லும் விடையைப் பொறுத்து அடுத்த கட்டம் தோன்றட்டும், அல்லது தோன்றாமல் இருக்கட்டும். காகிதத்தால் செய்ய முடியாத, உலாவியால் எளிதில் செய்ய முடிகிற வேலை இது; அதைப் பயன்படுத்தாமல் காகிதத்தைப் படம் பிடித்ததுபோலத் திரையில் வைப்பதில் பயன் குறைவு.

நிலத்தின் அளவைக் கேட்கும்போது எண்ணுக்கு ஒரு கட்டமும், ஏக்கர், சென்ட், ஹெக்டேர் ஆகியவற்றில் ஒன்றைத் தேர ஒரு கட்டமும் பக்கத்தில் வையுங்கள். 100 சென்ட் ஒரு ஏக்கர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 2.47 ஏக்கர் என்பதை விண்ணப்பிப்பவர் பெருக்கிப் பார்க்க வேண்டியதில்லை, அதைக் கணினி செய்யட்டும். அவர் எழுதிய எண்ணையும் அலகையும் மாற்றாமல் சேமித்து, மாற்றிய அளவைத் தனி நெடுவரிசையில் வைத்தால், பின்னால் தகராறு வந்தாலும் மூலம் கையில் இருக்கும்.

இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் எண்ணுக்கென்றே உள்ள 'நம்பர்' வகைக் கட்டத்தை எல்லா எண்களுக்கும் வைப்பது பலர் செய்யும் தவறு. அது கூட்டிக் கழிக்கத்தக்க அளவுகளுக்கானது. வங்கிக் கணக்கு எண்ணை அதில் கேட்டால், முன்னால் உள்ள சுழியம் பின்னர் எண்ணாகக் கணக்கிடும்போது தொலைந்துபோகலாம். கணினியில் சுட்டியின் சக்கரத்தை உருட்டியதும் எண் தானாக மாறிவிடுவதும் உண்டு. கணக்கு எண், கைபேசி எண், அஞ்சல் குறியீடு போன்றவற்றுக்கு 'டெக்ஸ்ட்' வகைக் கட்டத்தை வைத்து, 'இன்புட்மோட்' என்னும் பண்புக்கு 'நியூமெரிக்' என்று மதிப்புக் கொடுங்கள். கைபேசியில் எண் விசைப்பலகை திறக்கும், எழுதியது எழுதியபடியே இருக்கும்.

தோற்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரட்டும். கேள்வி கட்டத்துக்கு மேலே இருக்கட்டும், ஏனெனில் தமிழ்த் தொடர்கள் நீளமானவை, பக்கவாட்டில் வைத்தால் கைபேசித் திரையில் மூன்றாக மடியும். கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பையே கேள்வியாக வைக்காதீர்கள், தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். கட்டத்தின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனின் சஃபாரி அதைத் தொட்டவுடன் பக்கத்தையே பெரிதாக்கிவிடும்.

இன்னொன்று. காகிதத்தில் இருக்கிறதே என்பதற்காகச் சாதி, மதம், ஆதார் எண் ஆகியவற்றையும் கேட்டிருந்தால், அந்த விடையை யார், எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று சங்கத்தில் விசாரியுங்கள். ஒருவரும் பயன்படுத்தவில்லை என்றால் நீக்குங்கள். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காகத் தரவு பெறப்படுகிறது என்ற அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. தமிழில் இரண்டே வரி எழுதிப் படிவத்தின் தலையில் வைத்துவிடலாம்.

கேள்வி: எங்கள் தங்கும் விடுதிக்கு முன்பதிவுப் படிவம் வைத்திருக்கிறோம். வரும் தேதியை நிரப்பும்போது சிலருக்கு மாதம் முதலில் வருகிறது, சிலருக்கு நாள் முதலில் வருகிறது. மே மாதச் சீசனில் அறை மாறிப் போகுமோ என்று பயமாக இருக்கிறது. – கொடைக்கானல் வாசகர்

பதில்: உங்கள் படிவத்தில் இருப்பது எச்டிஎம்எல்லின் 'டேட்' வகைக் கட்டம் என்றால் பயப்பட வேண்டாம். அது தேதியைக் காட்டும் முறை பார்ப்பவருடைய கருவியின் மொழி அமைப்பைப் பொறுத்து மாறும். ஆனால் படிவங்களைப் பெற்றுச் சேமிக்கும் கணினியான சர்வருக்கு அனுப்பும் மதிப்பு எப்போதும் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒரே வரிசையில் இருக்கும். மே 3 என்று அவர் தேர்ந்தெடுத்தால் 2025-05-03 என்றே வரும். வெறும் எழுத்துக் கட்டத்தில் தேதியைத் தட்டச்சு செய்யச் சொல்லியிருந்தால்தான் 03/05 என்பது மே மாதமா மார்ச் மாதமா என்ற சந்தேகம் வரும். அப்படியிருந்தால் இன்றே மாற்றுங்கள். பதிவு முடிந்ததும் மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதி உறுதிப்படுத்தும் செய்தியை அனுப்புவதும் நல்லது. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் தேவைப்படுவதால், வருகிறவர்கள் அந்தத் தேதியைப் பார்த்தே அதற்கும் விண்ணப்பிப்பார்கள்.

பிறந்த தேதிக்கு மட்டும் நாட்காட்டிக் கட்டம் வேண்டாம். அறுபது வயதுக்காரர் நாட்காட்டியில் மாதம் மாதமாகப் பின்னால் போய்க்கொண்டிருப்பார். நாள், மாதம், ஆண்டு என்று தட்டச்சு செய்ய மூன்று சிறு கட்டங்கள் போதும்.

கேள்வி: காபி விவசாயிகளின் விவரங்களைப் படிவம் வழியாகத் திரட்டினோம். ஊர்ப் பெயர் தட்டச்சு செய்யும் கட்டம். அட்டவணையில் 'கொடைக்கானல்' என்று தேடினால் பாதிப் பேர்தான் வருகிறார்கள். வராதவர்களின் பெயருக்கு எதிரிலும் அதே கொடைக்கானல்தான் இருக்கிறது, எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. – தாண்டிக்குடி வாசகர்

பதில்: கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டாக இருக்கிறது. எழுத்துகளுக்குக் கணினி பயன்படுத்தும் பொதுக் குறியீட்டுத் தரமான யுனிகோடில் 'கொ' என்னும் எழுத்தைக் க என்ற குறியீட்டோடு ஒகர உயிர்க்குறியைச் சேர்த்து இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். க, ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று குறியீடுகளாகவும் எழுதலாம். இரண்டும் திரையில் அச்சு அசலாக ஒன்றே. பெரும்பாலான விசைப்பலகைகள் முதல் முறையில் எழுதுகின்றன; பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட உரையில் இரண்டாம் முறை தலைகாட்டும். தேடும் மென்பொருள் குறியீட்டுக்குக் குறியீடு ஒப்பிட்டால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. கோத்தகிரிக்கும் இதே கதைதான். அங்கே இரட்டைச்சுழிக் கொம்பு.

இதற்கு யுனிகோட் தரத்திலேயே மருந்து இருக்கிறது: என்எஃப்சி எனப்படும் சீர்மை வடிவம். உலாவியில் இயங்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் 'நார்மலைஸ்' என்ற செயற்கூறு இதைச் செய்துவிடும். படிவம் வந்து சேரும் இடத்தில், சேமிப்பதற்கு முன், எல்லா எழுத்துக் கட்டங்களையும் இதன் வழியாக அனுப்புங்கள். ஏற்கெனவே உள்ள அட்டவணையையும் ஒருமுறை அனுப்பிவிடுங்கள். ஆனால் ஒரு பிழையை இந்த மருந்து தீர்க்காது. 'சௌந்தரம்' என்ற பெயரில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் தட்டச்சு செய்பவர்கள் நிறையப் பேர். பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. யுனிகோட் கணக்கில் அது ள என்ற தனி எழுத்து என்பதால் என்எஃப்சி அதைத் தொடாது. அதைக் கண்ணால் பார்த்தோ, சொற்பட்டியலோடு ஒப்பிட்டோதான் திருத்த வேண்டும். ஊர்ப் பெயர்களுக்குத் தெரிவுப் பட்டியல் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இதோடு சேர்ந்த மற்றொரு பொறி, கட்டத்தின் அதிகபட்ச நீளம். 'கொடைக்கானல்' நமக்கு ஆறு எழுத்து. உலாவியின் 'மேக்ஸ்லெங்த்' பண்பு அதை 11 என்று எண்ணும், பிரித்து எழுதியிருந்தால் 12 என்று எண்ணும். யுனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் வழக்கமான முறையான யூடிஎஃப்-8இல் சேமித்தால் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் வீதம் 33 பைட் ஆகும். ஆங்கிலப் பெயரை மனத்தில் வைத்து 30 பைட் ஒதுக்கிய தரவுத்தளம் ஒன்றில் இந்த ஊருக்கே இடம் போதாது. தமிழ்க் கட்டங்களுக்கு நீள வரம்பைத் தாராளமாக வையுங்கள்.

கேள்வி: கூடலூர்ப் பகுதியில் பழங்குடி கிராமங்களுக்கு நேரில் போய்க் கைபேசியில் சுகாதார விவரங்கள் நிரப்புகிறோம். பல இடங்களில் சிக்னல் இல்லை. 'சமர்ப்பி' அழுத்தியதும் பிழைப் பக்கம் வந்து எழுதியதெல்லாம் போய்விடுகிறது. சில நேரம் ஒரே படிவம் இரண்டு முறை பதிவாகிறது. – கூடலூர் வாசகி

பதில்: படிவம் எப்போதும் இணைப்பில் இருக்கும் என்று எண்ணிச் செய்யப்பட்ட வார்ப்புரு அது. இன்றைய உலாவிகள் இணைப்பு இல்லாமலும் படிவத்தைத் திறக்கவும் நிரப்பியதைக் கருவியிலேயே காத்து வைக்கவும் வல்லவை. வடிவமைப்பவர் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அதற்கு 'சர்வீஸ் வொர்க்கர்' என்னும் நிரல் தேவை. முதல்முறை இணைப்பு உள்ள இடத்தில் படிவத்தைத் திறக்கும்போதே அது பக்கத்தைக் கைபேசியில் எடுத்து வைத்துக்கொள்ளும். தளம் எச்டிடிபிஎஸ் முகவரியில் இருந்தால்தான் இது வேலை செய்யும். நிரப்பும் விடைகளைக் கட்டத்துக்குக் கட்டம் சேமிக்க, சிறு உரைகளுக்கு உலாவியின் 'லோக்கல் ஸ்டோரேஜ்' என்னும் சேமிப்பிடம் போதும்; அதன் கொள்ளளவு ஏறத்தாழ 5 எம்பிதான் என்பதால் புகைப்படங்களுக்கு 'இண்டெக்ஸ்ட்டிபி' என்னும் பெரிய சேமிப்பிடம் வேண்டும். புகைப்படத்தை உலாவியிலேயே சுருக்கிவிட்டு அனுப்புங்கள். மலையில் கிடைக்கும் ஒரு கோடு சிக்னலில் கேமரா எடுத்த முழு அளவுப் படம் ஏறாது.

இணைப்பு இருக்கிறதா என்று உலாவியைக் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். ஏதோ ஒரு வலையமைப்போடு கைபேசி ஒட்டியிருந்தாலே அது 'இருக்கிறது' என்றுதான் சொல்லும். சர்வரிடமிருந்து 'பெற்றுக்கொண்டேன்' என்ற பதில் வந்தால் மட்டுமே அனுப்பப்பட்டதாகக் கருதுங்கள். பின்னணியில் தானாக அனுப்பும் வசதி ஆண்ட்ராய்டு குரோமில் உண்டு, சஃபாரியில் கிடையாது. ஆகவே 'அனுப்பக் காத்திருப்பவை' என்று எண்ணிக்கையோடு ஒரு பட்டியலும், அதன் கீழ் ஓர் 'அனுப்பு' பொத்தானும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். மாலையில் கூடலூர் திரும்பியதும் பணியாளர் அதை அழுத்தினால் போதும்.

இரட்டைப் பதிவுக்குக் காரணம், படிவம் போய்ச் சேர்ந்து பதில் மட்டும் வழியில் தொலைவது. பதில் வராததால் பணியாளர் மறுபடி அழுத்துகிறார். இதில் அவர் தவறு எதுவும் இல்லை. ஒவ்வொரு படிவமும் நிரப்பத் தொடங்கும்போதே கைபேசியில் அதற்கென ஒரு தனித்த அடையாள எண்ணை உருவாக்கி, அந்த எண் ஏற்கெனவே வந்திருந்தால் சர்வர் புதிதாகப் பதியாமல் 'கிடைத்துவிட்டது' என்று மட்டும் பதில் சொல்லும்படி செய்யுங்கள். எத்தனை முறை அழுத்தினாலும் பதிவு ஒன்றே.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஏழு நாட்கள் சஃபாரியைப் பயன்படுத்தியும் குறிப்பிட்ட தளத்தின் பக்கம் போகவில்லை என்றால், நிரல்வழி அந்தத் தளம் சேமித்தவற்றை அது அழித்துவிடும். 2020 முதல் இப்படி. தளத்தை முகப்புத் திரையில் சேர்த்து அங்கிருந்தே திறந்தால் இந்த அழிப்பு இல்லை. மற்றோர் எச்சரிக்கை எல்லோருக்கும்: பலர் கைமாறும் கைபேசியில் நோய் விவரம் தங்கியிருக்கக் கூடாது. சர்வர் பெற்றுக்கொண்டதும் கருவியில் உள்ள பிரதி அழிய வேண்டும்.

இத்தனையையும் நீங்களே எழுத வேண்டும் என்பதில்லை. ஓடிகே, கோபோ டூல்பாக்ஸ் ஆகிய திறமூல மென்பொருள்கள் இதே வேலைக்கு உருவானவை. விரிதாள் ஒன்றில் கேள்விகளை வரிசையாக எழுதினால் படிவம் தயாராகிவிடும். ஒரே கேள்விக்குத் தமிழ், ஆங்கிலம் என்று தனித்தனி நெடுவரிசை வைக்கலாம். கோபோவின் உலாவிப் படிவம் இணைப்பு இல்லாமலும் இயங்கும். உங்கள் நிலையில் நான் இருந்தால் அங்கேதான் தொடங்குவேன்.

கேள்வி: தவறான விடையை உலாவியே தடுத்துவிடும்போது, சர்வரிலும் அதே சோதனையை மறுபடி எழுதச் சொல்கிறார் எங்கள் பேராசிரியர். எதற்கு? – உதகமண்டலம் கல்லூரி மாணவர்

பதில்: பேராசிரியர் சொல்வது சரி. உலாவி நிரப்புபவரின் கையில் இருக்கிறது. அவர் நினைத்தால் சோதனையை நீக்கிவிட்டு அனுப்பலாம்; உங்கள் படிவத்தைத் திறக்காமலே வேறு நிரலிலிருந்தும் அனுப்பலாம். உலாவிச் சோதனை நல்லெண்ணத்தோடு நிரப்புபவருக்குச் செய்யும் உதவி, சர்வர் சோதனை உங்கள் தரவுக்குக் காவல்.

உலாவிச் சோதனையில் இரண்டைக் கவனியுங்கள். பக்கம் முழுவதும் தமிழில் இருந்தாலும், கட்டாயக் கட்டம் காலியாக இருந்தால் உலாவி காட்டும் எச்சரிக்கை உலாவியின் மொழியில்தான் வரும். தமிழில் வர வேண்டுமென்றால் 'செட்கஸ்டம்வேலிடிட்டி' வழியாக நீங்களே எழுத வேண்டும். அப்படி எழுதும்போது 'தவறான உள்ளீடு' என்று அதட்டாமல், 'அஞ்சல் குறியீட்டில் ஆறு இலக்கம் வேண்டும், ஐந்துதான் இருக்கிறது' என்று எழுதுங்கள். அடுத்து, கணினியால் திருத்த முடிந்ததை மனிதரிடம் கேட்காதீர்கள். கைபேசி எண்ணுக்கு நடுவே இடைவெளி விட்டாலோ முன்னால் +91 சேர்த்தாலோ அதை நீக்கிப் பத்து இலக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் மொத்தம் 11 இடம், அதில் ஐந்தாவது எப்போதும் சுழியம். அங்கே ஆங்கில ஓ எழுத்தை இடுபவர்கள் ஏராளம். அதைச் சத்தமில்லாமல் சுழியமாக்கிவிட்டு, திருத்தியதை அவர் கண்ணில் படும்படி காட்டினால் போதும்.

கேள்வி: எஸ்டேட் அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பம், இலை எடைப் பதிவு, மருந்தகச் சீட்டு எல்லாமே மைக்ரோசாஃப்ட் இன்ஃபோபாத் வார்ப்புருக்களில் இருக்கின்றன. உலாவியில் திறந்து நிரப்பி வந்தோம். இனி இவற்றை என்ன செய்வது? – குன்னூர் வாசகர்

பதில்: படிவங்களை வடிவமைக்கவும் நிரப்பவும் உதவும் மென்பொருளான இன்ஃபோபாத் ஆஃபீஸ் 2003 தொகுப்போடு வந்தது. தொடக்கத்தில் படிவத்தை நிரப்ப ஒவ்வொரு கணினியிலும் அந்த மென்பொருள் இருக்க வேண்டியிருந்தது. 2007 பதிப்பிலிருந்து, அலுவலகக் கோப்புகளைப் பகிரும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளான ஷேர்பாயிண்ட் சர்வர் வழியாக உலாவியிலேயே நிரப்பும் வசதி வந்தது. 2013 பதிப்பே கடைசி என்று 2014 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆதரவுக்கு 2026 ஜூலை 14 எல்லை நாள். மாற்றித்தான் ஆக வேண்டும்.

வார்ப்புருவை மாற்றுவதற்கு முன்னால் தரவை மீட்டெடுங்கள். நிரப்பிய ஒவ்வொரு படிவமும் எக்ஸ்எம்எல் எனப்படும், குறிச்சொற்களோடு கூடிய உரைக் கோப்பு. அதை எந்த மென்பொருளிலும் படிக்கலாம் என்பது இன்ஃபோபாத்தின் பெரிய நன்மை. அவற்றை ஒரே அட்டவணையாகத் திரட்டி வையுங்கள். படிவத்தோடு இணைத்த மருத்துவச் சான்று போன்ற கோப்புகள் அதே எக்ஸ்எம்எல்லுக்குள், கோப்பை வெறும் எழுத்துகளாக மாற்றி எழுதும் பேஸ்64 முறையில் பொதிந்திருக்கும். கோப்பின் பெயர் அடங்கிய தலைப்பகுதி ஒன்றும் அதன் முன்னால் சேர்ந்திருக்கும் என்பதால், அதை வெட்டி எடுத்துவிட்டுத்தான் கோப்பை மீட்க முடியும். எக்ஸ்எஸ்என் என்று முடியும் வார்ப்புருக் கோப்பு உண்மையில் பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் கேப் வகைப் பொதிதான். பெயரின் முடிவை மாற்றிப் பிரித்தால், உள்ளே எந்தக் கட்டம் என்ன வகை என்று கூறும் ஸ்கீமா கோப்பும், தோற்றத்தைக் கூறும் எக்ஸ்எஸ்எல் கோப்பும் கிடைக்கும். புதிய படிவத்தை எழுதப்போகிறவருக்கு அந்த ஸ்கீமாவைக் கொடுத்துவிட்டால், கட்டங்களின் பட்டியலை யாரும் நினைவிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. தானாகக் கூட்டும் கணக்குகளும் நிபந்தனைகளும் மட்டும் தனியே எழுதித் தரப்பட வேண்டும்.

பழைய வார்ப்புருக்கள் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். கடைசியாக எப்போது நிரப்பப்பட்டது என்று கோப்புகளின் தேதியைப் பார்த்தால், இன்னும் உயிரோடு இருப்பவை சிலவே என்பது தெரியவரும். விடுப்பு விண்ணப்பத்துக்கும் மருந்தகச் சீட்டுக்கும் சாதாரண எச்டிஎம்எல் படிவம் போதும். இலை எடைப் பதிவு மட்டும் தோட்டத்திலேயே நிரப்பப்படுவதாக இருந்தால், மேலே கூடலூர் வாசகிக்குச் சொன்னபடி இணைப்பின்றியும் இயங்கும் படிவமாகச் செய்யுங்கள். எடையைக் கிலோவில் தசமத்தோடு எழுத இடம் விடுங்கள். அனுப்பிய பின் திருத்த நேர்ந்தால் பழைய எண் அழியாமல், திருத்தியவர் யார், எப்போது என்பதோடு புதிய எண் அதன் கீழே பதியும்படி வையுங்கள். கூலிக் கணக்கு அந்த எண்ணைக் கொண்டுதான் போடப்படுகிறது.